பொத்தானை விடாத மனிதர்

என் கணவரைப் பார்க்க வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுகிறார்கள், "எல்லாம் விதிங்க" என்று. கையில் ஆப்பிளோ சாத்துக்குடியோ இருக்கும். நான் பையை வாங்கிக்கொண்டு காபி போட உள்ளே போய், அடுப்படியில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். விதிக்கு ஏரியல் கிடையாது. விதியை ஒரு வயர் போட்டு லேப்டாப்போடு சேர்த்து மாற்றி எழுத முடியாது. என் கணவரின் வலது கையை முழங்கைக்கு மேல் எடுக்கவைத்த காரணத்தை அப்படி மாற்றி எழுத முடியும். மாற்றி எழுதியும் காட்டினார்கள், கை போன பிறகு.

நாங்கள் இருவருமே கோழித்தீவன மில் ஆட்கள். ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் ரோட்டில், கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு மில்லின் பேனல் ரூமில் எனக்கு வேலை. பேனல் ரூம் என்றால் பெரிதாக எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை. சுவர் முழுக்கப் பச்சையும் சிவப்புமாகப் பொத்தான்கள். மக்காச்சோளத்தை மேலே ஏற்றும் எலிவேட்டர், அதை உடைக்கும் ஹாமர் மில், புண்ணாக்கும் கருவாட்டுத்தூளும் கலக்கும் மிக்சர், கலந்ததைத் தள்ளிக்கொண்டு போகும் திருகுக் கன்வேயர், எல்லாவற்றையும் ஓட்டுவதும் நிறுத்துவதும் அங்கிருந்துதான். என் கணவர் அதே ரோட்டில் இன்னும் தெற்கே, வேறொரு முதலாளியின் மில்லில் ஃபிட்டர். கன்வேயரில் சாக்கு சுற்றிக்கொண்டால் மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டு எடுக்க வேண்டியது அவர்தான். இரண்டு மில்லுக்கும் நடுவில் மரவள்ளிக் காடும் கோழிக் கொட்டகைகளும் தவிர ஒன்றும் கிடையாது. மறைக்க ஒரு கரடோ குன்றோ இல்லாத சமவெளி. இது பின்னால் எவ்வளவு பெரிய விஷயமாகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

வாக்கி டாக்கி வருவதற்கு முன்னால் இரண்டு மில்லிலும் ஒரு வழக்கம் இருந்தது. எந்திரத்துக்குள் கை விடப் போகிறவர் முதலில் பேனல் ரூமுக்கு வருவார். அந்த மோட்டாரின் ஃபியூஸ் கட்டையைத் தன் கையாலேயே பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார். வேலை முடிந்தபின் அவரே வந்து மாட்டுவார். கட்டை அவர் பையில் இருக்கும்வரை நான் எந்தப் பச்சைப் பொத்தானை எத்தனை தரம் அழுத்தினாலும் அந்த மோட்டார் அசையாது. யாரும் சட்டம் போட்டு வந்த வழக்கமில்லை. பழைய ஃபிட்டர்கள் உயிர் பயத்தில் கண்டுபிடித்தது. துவைக்கப்போட்ட சட்டையில் கட்டை அகப்பட்டு, மறுநாள் காலையில் மில்லே காத்திருந்த கதையெல்லாம் உண்டு. எங்கள் வீட்டிலேயே நடந்திருக்கிறது.

பிறகு செட்டு வந்தது. எங்கள் பக்கம் எல்லோரும் வாக்கி டாக்கியைச் செட்டு என்றுதான் சொல்கிறோம். மில்லுக்குள் யாரும் மொபைல் வைத்திருக்கக்கூடாது, வேலை நேரத்தில் வீடியோ பார்க்கிறார்கள் என்று எங்கள் முதலாளி ஒரு டப்பா வைத்து எல்லோருடைய ஃபோனையும் காலையிலேயே வாங்கிவிடுவார். பேனல் ரூமில் ஒரு லேண்ட்லைன் மட்டும் உண்டு. ஃபோனுக்குப் பதில் ஆளுக்கொரு செட்டு. சேலத்திலிருந்து ஒரு டீலர் அட்டைப் பெட்டியோடு வந்தார். ஒரு செட்டை மட்டும் லேப்டாப்போடு இணைத்து என்னவோ தட்டினார். பிறகு அந்த ஒன்றிலிருந்து மற்றதற்கெல்லாம் வயர் போட்டுக் காப்பி எடுத்தார். "அச்சு அசல், எல்லாம் ஒண்ணு போல இருக்குமுங்க" என்று பெருமையாகச் சொன்னார். ரொம்ப ஒன்று போலத்தான் இருந்தது. அதே காப்பியைத்தான் என் கணவரின் மில்லுக்கும் போட்டிருந்தார். ரோட்டோரத்துக் கல்யாண மண்டபத்துக்கும் அதுவேதான். முகூர்த்த நாளில் எங்கள் மில்லில் நின்றால், "மூணாம் பந்திக்கு எலை போட்டாச்சா?" என்று காதில் விழும்.

செட்டின் பக்கவாட்டில் ஒரு கூடுதல் பொத்தான் இருந்தது. ஆபத்து என்றால் அதை அழுத்தினால் எல்லாச் செட்டும் அலறும்படி வைக்கலாமாம். இதை நான் தெரிந்துகொண்டது வெகுகாலம் கழித்து. எங்கள் செட்டுகளில் அதை அழுத்தினால் எஃப்எம்மில் பாட்டு வரும். வாங்குகிறவர்களுக்கு அதுதான் பிடிக்கிறது என்று டீலரே அப்படி வைத்துக் கொடுத்திருந்தார்.

செட்டு வந்த கையோடு ஃபியூஸ் கட்டை பிடுங்கும் வழக்கம் ஒழிந்தது. கன்வேயரிலிருந்து பேனல் ரூமுக்கு நடந்து வருவது வெட்டி வேலை ஆகிவிட்டது. நின்ற இடத்திலிருந்தே "நிறுத்து சாமி" என்றால் நான் நிறுத்துவேன். "போடு சாமி" என்றால் போடுவேன். எங்கள் முதலாளிக்கு ஒரே சந்தோஷம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் செட்டைக் காட்டுவார். கோழியைக் காலைப் பிடித்துத் தூக்குவதுபோல அதை ஏரியலைப் பிடித்துத்தான் தூக்குவார். அப்படிப் பிடித்தால் ஏரியல் உள்ளுக்குள்ளேயே விட்டுப்போகும் என்று டீலர் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. அவர் காதில் வாங்குகிற ஆள் இல்லை, வாயால் வாழ்கிற ஆள்.

ஆரம்பத்தில் அந்தச் செட்டுகளில் ஒரு நல்ல குணம் இருந்தது. ஒருவர் பேசும் பொத்தானை அழுத்தியபடியே நீளமாகப் பேசினால், ஒரு கட்டத்தில் பீப் என்று கத்திவிட்டுத் தானாகவே அவர் பேச்சை வெட்டிவிடும். இது எங்கள் முதலாளிக்குப் பொறுக்கவில்லை. டீலரை வரவழைத்தார்.

"ஏனப்பா, நான் பேசிட்டு இருக்கறப்ப என்னையே கட் பண்ணுது?"

"அது பாதுகாப்புக்கு வெச்சதுங்க. ஒருத்தரே புடிச்சுட்டு இருந்தா அடுத்தவங்க பேச முடியாதுங்களே."

"என்ற மில்லு, என்ற செட்டு. நான் பேசறப்ப அடுத்தவனுக்கு என்ன பேச்சு? எடுத்து உடு அதை."

எடுத்துவிட்டார். ஒன்றில் மட்டும் எடுத்தால் மறுபடி காப்பி போடும்போது குழப்பம் என்று எல்லாவற்றிலும் எடுத்துவிட்டார். எங்கள் முதலாளியின் வாய் நீளத்துக்கு ரோட்டில் இருக்கிற செட்டெல்லாம் தைக்கப்பட்டன. அதன்பிறகு அவர் பொத்தானை அழுத்தினால் விடமாட்டார். யார் பைக்கை யார் நிழலில் நிறுத்தியது, லோடு லாரிக்கு ஏன் தார்ப்பாய் கட்டவில்லை, முட்டை விலை இறங்கும்போது இவனுக்கெல்லாம் எதற்கு லீவு என்று பிரசங்கம் ஓடும். அத்தனை பேரும் கையில் செட்டை வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நிற்போம். வீட்டுக்கு வந்து இதைத்தான் என் கணவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். "இந்தாளு ஆரம்பிச்சா அப்படியே திருகிக் கொறச்சு வெச்சறலாம்போல இருக்குதுங்க" என்பேன். ஒருநாளும் குறைத்ததில்லை. ஹாமர் மில் இரைச்சலில் முழுச் சத்தத்தில் வைத்தால்தான் ஏதாவது காதில் விழும்.

இரண்டு மில்லும் ஒரே சேனலில் இருப்பது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. முதல் வாரமே தெரிந்துவிட்டது. இங்கே ஒருவர் கேட்க அங்கே ஒருவர் பதில் சொல்வார். "உங்கூர்ல மழைங்களா சாமி?" என்று விசாரிப்பார்கள். எல்லோருக்கும் வேடிக்கையாக இருந்தது. எனக்கும் பிடிக்கத்தான் செய்தது, அதை மறைக்க மாட்டேன். பகல் முழுக்க வேறு மில்லில் இருக்கும் புருஷனின் குரல் அவ்வப்போது என் மேஜையில் ஒலிக்கிறது என்றால் எந்தப் பெண்ணுக்குக் கசக்கும்? அவர் இருமினால் தெரியும். சாப்பிடப் போகிறார் என்று தெரியும்.

ஆனால் பயமும் இருந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் பெரியவர், சின்னவர், ஆண், பெண் எல்லோருமே சாமிதான். நேரில் பேசும்போது எந்தச் சாமியைச் சொல்கிறார் என்று முகம் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். செட்டில் முகம் எங்கே இருக்கிறது? "போடு சாமி" என்றால் யார், எந்த மில், எந்த மோட்டார்? செட்டோடு வந்த சின்னப் புத்தகத்தில், பேசுமுன் கூப்பிடுகிற ஆளையும் தன் இடத்தையும் சொல்லு, பதில் வந்தபிறகு சேதியைச் சொல்லு என்று போட்டிருந்தது. நான் அப்படிச் சொல்லிப் பார்த்தேன். "வடக்கால மில்லு பேனல் பேசறேன்" என்று ஆரம்பித்தாலே கொல்லென்று சிரிப்பார்கள். "கலெக்டரம்மா பேசறாங்க, எல்லாரும் கேட்டுக்குங்க" என்று கிண்டல் வரும். பெரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதை இல்லை, தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்வது மண்டைக்கனம். அப்புறம் என்ன, எல்லோரும் சாமி.

முதலாளியிடம் போய் நேராகவே கேட்டேன். நமக்கு வேறு சேனல் போடச் சொல்லுங்கள், ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் ஏதாவது ஆகிவிடும் என்றேன். அவர் லோடுமேன்கள் எல்லோரும் நிற்கும்போது சத்தமாகச் சொன்னார்.

"ஏஞ்சாமி, புருசன் பேச்சு ஓசில கேக்குது. உனக்கு அது கசக்குதா? ஊட்டுல சண்டையா?"

எல்லோரும் சிரித்தார்கள். சம்பளம் கொடுக்கிறவர் அடித்த ஜோக்குக்குச் சிரிக்காமல் எப்படி இருப்பது? எனக்கு முகமெல்லாம் எரிந்தது. என் கணவரும் தன் மில்லில் சொல்லிப் பார்த்தார். அங்கே ஜோக்குகூடக் கிடைக்கவில்லை. "பாக்கலாம்" என்ற ஒரு வார்த்தை கிடைத்தது. எங்கள் ஊரில் பாக்கலாம் என்றால் பார்க்கமாட்டேன் என்று அர்த்தம்.

அது கோடைக்காலம். கூரைத் தகரம் காய்ந்து, பேனல் ரூமில் ஃபேன் காற்றே அனலாக வந்துகொண்டிருந்தது. முற்பகல் டீ வந்துபோன நேரம். என் கணவரின் மில்லில் மிக்சருக்குக் கீழே இருக்கும் கன்வேயரில் கிழிந்த சாக்கு ஒன்று சுற்றிக்கொண்டது. அவர் தன் பேனல்காரரிடம் "நிறுத்து சாமி, கைய உடறேன்" என்று சொன்னது எனக்கும் கேட்டது. நான் வழக்கம்போல ஒரு கணம் அந்தக் குரலை நினைத்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன். அந்தப் பேனல்காரர் நிறுத்தினார். இவர் மூடியைத் திறந்து வலது கையைத் தோள்வரை உள்ளே விட்டுச் சாக்கை இழுத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் மில்லில் கிடங்கில் நின்ற லோடுமேன் சோளம் கொட்டி முடித்துவிட்டு, எலிவேட்டரை ஓட்டச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். "போடு சாமி" என்றார். நாள் முழுக்கச் சொல்வதுதான். நான் எலிவேட்டரைப் போட்டேன். அங்கே என் கணவரின் பேனல்காரரும் அதே வார்த்தையைக் கேட்டார். ஃபிட்டர் கையை எடுத்துவிட்டார், ஓட்டச் சொல்கிறார் என்று நினைத்தார். அந்தச் சின்ன ஸ்பீக்கரில், அந்த இரைச்சலில் எல்லார் குரலும் ஒரே குரல்தான். அவர் கன்வேயரைப் போட்டார்.

அடுத்த கணமே எங்கள் முதலாளி பொத்தானை அழுத்தினார். அன்றைய பிரசங்கம் டீயைப் பற்றி. "இதுக்குப் பேரு டீயா? இந்தக் கழனித்தண்ணியைக் குடிச்சா கோழிகூட முட்டை போடாது. டீக்கடைக்காரனை ஆரு மாத்தச் சொன்னது? என்னையக் கேட்டீங்களா?" என்று ஆரம்பித்து, பழைய டீக்கடைக்காரனின் குடும்பத்துக்குப் போய், அவன் மச்சான் வாங்கிய டெம்போவுக்குப் போய், மறுபடி டீக்கு வந்தார். அவர் குரலுக்கு அடியில் ஒரு விசில் சத்தம் வந்தது. கீச்சென்று ஒரு இழுப்பு, அறுபட்டு, மறுபடி ஒரு இழுப்பு. பேட்டரி போய்விட்டது போலிருக்கிறது என்று நான் செட்டை உள்ளங்கையில் தட்டினேன். முதலாளி ஒருவழியாகப் பேசி முடித்துப் பொத்தானை விட்டபோது ஒரு கரகரப்பு மட்டும் கேட்டது. அப்புறம் அமைதி. அப்புறம் தெற்கு மில்லிலிருந்து யாரோ, "ஆம்புலன்சுக்குச் சொல்லுங்க, ஆம்புலன்சு" என்று கத்தினார்கள்.

"யாருக்குங்க சாமி?" என்று கேட்டேன்.

"ஃபிட்டருக்குங்க."

அந்த மில்லில் ஃபிட்டர் ஒரே ஒருவர்தான்.

லோடுமேனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் அவர், "நான்தான் போடுன்னேன், நான்தான் போடுன்னேன்" என்று சொல்லிக்கொண்டே வண்டி ஓட்டினார். அவரை வாயை மூடச் சொன்னேன். அங்கே போனபோது எந்திரத்தைப் பின்னால் சுற்றவைத்துக் கையை எடுத்துவிட்டிருந்தார்கள். தரையில் சிந்திக்கிடந்த தீவனத்தின்மேல் அவரைப் படுக்கவைத்திருந்தார்கள். கை என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. அதற்குமேல் எழுத மாட்டேன்.

சேலத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம் கேட்டார். எந்திரம் மெதுவாகத்தான் இழுத்திருக்கிறது, முதலில் சிக்கியது விரல்கள் மட்டும், உடனே நிறுத்தியிருந்தால் இரண்டு மூன்று விரலோடு போயிருக்கும், ஏன் நிறுத்தவில்லை என்று. எனக்கு என்ன தெரியும்? சாக்கு சுற்றிய பாரத்தில் பெல்ட் வழுக்கி வழுக்கி ஓடியதாம். இவர் கத்தியது ஹாமர் மில் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லையாம். சட்டையில் மாட்டியிருந்த செட்டை இடது கையால் அழுத்திக் கூப்பிட்டும் பார்த்தாராம். அந்தப் பக்கமாக வந்த ஒரு ஆள் பார்த்துவிட்டு ஓடிப்போய்ப் பேனல்காரரிடம் சொன்ன பிறகுதான் கன்வேயர் நின்றதாம். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் அந்தப் பேனல்காரர். வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "போடுன்னு கேட்டுச்சுங்க, சத்தியமாக் கேட்டுச்சுங்க" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்று அந்த ரோட்டில் எல்லோரையும்விட எனக்குத் தெரியும். அவர்மேல் எனக்கு ஒரு துளிக் கோபமும் கிடையாது.

கோபம் மற்றவர்கள்மேல். தெற்கு மில் முதலாளி அந்தப் பேனல்காரரை உடனே வேலையை விட்டு நிறுத்தினார். ஏதோ செய்துவிட்டதாகக் காட்ட வேண்டுமே. விசாரணைக்கு வந்தவர்கள் கையுறை போட்டிருந்தாரா, ஷூ போட்டிருந்தாரா என்று கேட்டார்கள். ஷூ போட்டிருந்தால் கன்வேயர் கையை விட்டிருக்குமோ என்னவோ. செட்டைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் முதலாளி வந்தார், ஹார்லிக்ஸ் பாட்டிலோடு. கட்டிலருகே நின்று பெருமூச்சு விட்டார். "நேரம் நல்லா இல்லைன்னா இப்படித்தானுங்க" என்றார். அப்போது எனக்கு அந்த விசிலின் அர்த்தம் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பாட்டில் ஜன்னல் வழியாகப் போயிருக்கும்.

என் கணவர் யாரிடமும் அதிகம் பேசவில்லை. என்னிடம் பேசவே இல்லை. ஊட்டினால் சாப்பிடுவார். டாக்டர் கேட்டால் பதில் சொல்வார். என் முகத்தைப் பார்க்க மாட்டார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். வலி, மருந்து, கை போன துக்கம் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்துக் கட்டில்காரர் மனைவிகூட, "ஆம்பளைங்களுக்கு அப்படித்தான், போகப் போகச் சரியாயிரும்" என்று ஆறுதல் சொன்னாள். வீட்டுக்கு வந்தபிறகும் அப்படியே இருந்தார்.

வேலைக்குப் போகாமல் முடியாது, போனேன். போன கொஞ்ச நாளில் டீலர் மறுபடி வந்தார். பக்கத்து மில்லில் நடந்தது நம் மில்லில் நடந்தால் போலீஸ், கோர்ட்டு என்று ஆகிவிடும் என்ற பயத்தில் எங்கள் முதலாளியே கூப்பிட்டிருந்தார். பேனல் ரூம் மேஜையில் செட்டுகளைப் பரப்பி, வயரை மாட்டி உட்கார்ந்தார்.

"ஏதோ டோன் போடறதுன்னு சொல்றாங்களே, அதைப் போட்டா அவங்க பேச்சு நமக்குக் கேக்காதாமா. அது போதுமில்ல?" என்றார் முதலாளி.

"அது நம்ம காதைப் பொத்திக்கற மாதிரிதானுங்க. பாதை ஒண்ணேதான். அவங்க பேசறப்ப நீங்க பேசுனீங்கன்னா உள்ள இடிச்சுக்கும். சேனலே வேற போட்டாத்தான் சரி. செஞ்சு காட்டறேன் பாருங்க."

அவர் மூன்று செட்டை எடுத்தார். ஒன்றை முதலாளி கையில் கொடுத்துக் கதவருகே நின்று எதையாவது பேசச் சொன்னார். ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டு வெளியே தூரமாகப் போனார். மூன்றாவதை என் கையில் கொடுத்தார். முதலாளி பேசினார். பேச அவருக்குச் சொல்லித்தரவா வேண்டும்? அவர் குரல் என் செட்டில் கணீரென்று வந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டீலரும் தன் செட்டை வாயருகே வைத்துக் கத்திக்கொண்டிருந்தார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூட என் செட்டில் வரவில்லை. அதற்குப் பதில் முதலாளியின் குரலுக்கு அடியில் கீச்சென்று ஒரு விசில் வந்தது.

அந்த விசில்தான். அறுபட்டு, மறுபடி இழுத்து, அறுபட்டு. அன்றைக்கு நான் பேட்டரி போய்விட்டது என்று தட்டிக்கொண்டிருந்தது என் புருஷனின் அலறலை.

டீலர் திரும்பி வந்து ஒன்றும் தெரியாதவராக விளக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருக்கிறவர் குரல்தான் ஜெயிக்கும், தூரத்தில் இருக்கிறவர் குரல் நசுங்கிவிடும் என்றார். தூரம் மட்டுமில்லை, ஏரியல் உயரத்தில் இருக்கிற ஆள் பேசினால் அவர்கள் மில் பேனலிலும் அவர் குரல்தான் கேட்கும் என்றார். எங்கள் முதலாளி அன்று நின்றது மாடித் தளத்தில், கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில். என் கணவர் கிடந்தது கீழே, இரும்பு எந்திரங்களுக்கு நடுவில்.

"அதனால, பழையபடி டைம் லிமிட்டும் வெச்சறேனுங்க. ஒருத்தரே ரொம்ப நேரம் புடிச்சா தானா கட் ஆயிரும்."

"வை, வை. எல்லாத்துக்கும் வை" என்றார் முதலாளி. பிறகு தன் செட்டை மட்டும் தனியாக நகர்த்தினார். "இதுல வேண்டாம். நான் பேசறப்ப கட் ஆவக்கூடாது."

நான் எழுந்து அந்தச் செட்டைப் பிடுங்கினேன்.

"அன்னிக்கு நீங்க டீயைப் பத்திப் பேசிட்டு இருந்தீங்க. ஞாபகம் இருக்குதுங்களா? கழனித்தண்ணின்னீங்க. கோழி முட்டை போடாதுன்னீங்க. டெம்போ வாங்குனவனைப் பத்திச் சொன்னீங்க. அத்தனை நேரமும் என்ற ஊட்டுக்காரரு கைய மெசினு இழுத்துட்டு இருந்துச்சு. அவரு இந்தச் செட்டுலதான் கத்தீட்டு இருந்தாரு. உங்க வாய்க்கு அடியில மாட்டி நசுங்கிப் போச்சு அந்தச் சத்தம். நீங்க வாய மூடியிருந்தா அவருக்கு ரண்டு விரலோட போயிருக்குமுங்க. இன்னும் உங்களுக்கு மட்டும் கட் ஆவக்கூடாதுங்களா?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார்.

"தெரிய வேண்டாமுங்க. பொத்தானை உட்டிருந்தாப் போதும்."

அவர் முகம் கறுத்தது. என்னை வேலையை விட்டு அனுப்புவார் என்று நினைத்தேன். அனுப்பினால் ரோட்டில் நின்று இதையே கத்தியிருப்பேன், அது அவருக்கும் தெரியும். வெளியே போய்விட்டார். டீலர் என் கையிலிருந்த செட்டை மெதுவாக வாங்கி வயரில் மாட்டினார். சேனலை மாற்றினார், நேர வரம்பை வைத்தார், பக்கத்துப் பொத்தானில் பாட்டை எடுத்துவிட்டு அபாயச் சத்தத்தை வைத்தார். மேஜையில் எனக்கு வைத்திருந்த டீ ஆறுவதற்குள் அத்தனையும் முடிந்துவிட்டது.

"இதை அன்னிக்கே செஞ்சிருக்கலாமில்லீங்க?" என்று கேட்டேன்.

"யாரும் கேக்கலீங்களே" என்றார். அவர் அதை வருத்தத்தோடுதான் சொன்னார். எனக்கு அந்த வருத்தத்தை வாங்கி வைத்துக்கொள்ள இடமில்லை. நான் கேட்டேன். என் கணவர் கேட்டார். கேட்டது யார் காதில் விழவேண்டுமோ அவர்கள் காதில் விழவில்லை, அவ்வளவுதான்.

அன்று பொழுதிருக்கவே வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் கட்டிலில் சுவர்ப் பக்கம் படுத்திருந்தார். தூங்குகிறாரா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் முதுகைப் பார்த்தே எல்லாவற்றையும் கொட்டினேன். மூன்று செட்டு, டீலர் கத்தியது, விசில், முதலாளியின் டீ எல்லாம் சொன்னேன். சொல்லி முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. பிறகு சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"அப்ப நீ கொறச்சு வெக்கலையா?"

எனக்குப் புரியவில்லை. "எதைங்க?"

"செட்டு சத்தத்தை. உங்க மொதலாளி ஆரம்பிச்சா திருகிக் கொறச்சறலாம்போல இருக்குதுன்னு நீதான எப்பவும் சொல்லுவ." என்றார். "நான் எங்க பேனல்காரரைக் கூப்புடலை புள்ள. அவருக்கு அந்த எரைச்சல்ல என்ற குரலுன்னு வெளங்காதுன்னு தெரியும். உன்னத்தான் கூப்பிட்டேன். உனக்குன்னா என்ற குரல் தெரியும், நீ ஃபோன் போட்டு நிறுத்தச் சொல்லீருவீன்னு நெனச்சேன். கூப்பிட்டுட்டே இருந்தேன். நீ வரல."

"இத்தனை நாளா..."

"கேக்கோணும்னுதான் இருந்தேன். கேட்டு, நீ ஆமான்னு சொல்லீட்டீன்னா என்ன பண்றதுன்னு கேக்கலை."

கை போனதற்கு அந்த மனிதரை என்றாவது ஒருநாள் மன்னித்துவிடுவேனோ என்னவோ, எனக்கே தெரியாது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் இந்தக் கட்டிலிலும் என் புருஷன் என் முகத்தைப் பார்க்காமல், தான் கூப்பிடக் கூப்பிட நான் காதை மூடிக்கொண்டேன் என்று நினைத்துக்கொண்டு கிடந்த நாட்களுக்கு மன்னிப்பே கிடையாது. நான் கட்டிலைச் சுற்றிப் போய், சுவருக்கும் அவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் உட்கார்ந்து, அவர் பார்க்கும்படி முகத்தை வைத்துக்கொண்டேன்.

"முழுச் சத்தத்துலதானுங்க வெச்சிருந்தேன்" என்றேன். "முழுச் சத்தத்துல அந்தாளுதான் பேசிட்டு இருந்தாரு."